வாதி எங்கே? 'குடியரசு' நூலின் நான்காம் பகுதியில் நின்றுபோனவளின் கேள்வி

சுருக்கெழுத்து (கேள்வி)

வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறர் பேசியதை ஒரு சொல் விடாமல் எடுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. அந்தக் கூடத்துக்குள் நானாக ஒரு வாக்கியம் சொன்னதில்லை. இப்போது நேரம் கிடைத்திருப்பதால் பிளேட்டோவின் 'குடியரசு' நூலை எடுத்தேன். பத்துப் பகுதிகளில் நான்கு முடிந்தன. அங்கேயே வண்டி நின்றுவிட்டது.

புரிந்தவரை சொல்கிறேன். தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கிழவர் கெஃபலஸ், உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் நீதி என்கிற தொனியில் பேசுகிறார். ஒரு நண்பர் ஆயுதத்தை உங்களிடம் கொடுத்து வைத்தார், பிறகு பித்துப்பிடித்து வந்து அதைக் கேட்கிறார், கொடுப்பீர்களா என்று சாக்ரடீஸ் மடக்குகிறார். கிழவர் சிரித்துக்கொண்டே பலி கொடுக்கப் போய்விடுகிறார். வழக்கை மகன் பொலிமார்க்கஸ் ஏற்கிறார்: நண்பனுக்கு நன்மை, பகைவனுக்குத் தீமை. குதிரைக்குத் தீங்கு செய்தால் அது நல்ல குதிரை ஆகுமா, கெட்ட குதிரை ஆகுமா என்று அவரையும் மடக்குகிறார். அடுத்து திரேசிமக்கஸ் பாய்கிறார். நீதி என்பது வலியவனுக்கு ஆதாயமானது, அவ்வளவுதான் என்கிறார். அவருக்கு வியர்த்துக் கொட்டியதையும் முகம் சிவந்ததையும் சாக்ரடீஸ் மறக்காமல் சொல்கிறார். சாட்சிக் கூண்டில் நான் பார்த்த எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன.

பிறகு கிளாக்கன் அணிந்தவனை மறைத்துவிடும் மோதிரக் கதையைச் சொல்கிறார். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் எவன் நேர்மையாக இருப்பான்? நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் ஒரு நகரத்தையே மனத்தில் கட்டுகிறார்கள். ஆள்பவர்கள், காப்பவர்கள், உழைப்பவர்கள். இவர்களிடையே ஞானம், வீரம், அடக்கம் மூன்றையும் கண்டுபிடித்துவிட்டு நீதியைத் தேடுகிறார்கள். அது முதலிலிருந்தே நம் காலடியில்தான் உருண்டுகொண்டிருந்தது என்கிறார் சாக்ரடீஸ். எது? அவரவர் வேலையை அவரவர் செய்வது, பிறர் வேலையில் மூக்கை நுழைக்காமல் இருப்பது.

புத்தகத்தை மூடிவிட்டேன். இத்தனை வாதத்துக்குப் பிறகு அலுவலகச் சுற்றறிக்கை போல ஒரு வரி!

என் கேள்வி இதுதான். இந்த நீதியில் வாதி எங்கே? எனக்குத் தெரிந்த நீதியில் முதலில் ஒருவன் அடிபட்டிருக்க வேண்டும். அவன் வந்து நின்று 'எனக்கு இது நடந்தது' என்று சொல்ல வேண்டும். எதிரே நிற்பவன் பதில் சொல்ல வேண்டும். இந்த நகரத்தில் செருப்புத் தைப்பவன் செருப்புத் தைக்கிறான், காவலன் காக்கிறான், உடனே நீதி வந்துவிட்டதாம். ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் அவன் யாரிடம் போய் நிற்பான்? மூன்றாம் பகுதியில் ஒரு நகரத்தில் நீதிபதிகளும் மருத்துவர்களும் நிறையத் தேவைப்படுவதே அங்கே வளர்ப்புச் சரியில்லை என்பதற்கு அடையாளம் என்று எழுதியிருக்கிறது. சொந்தமாக நீதி இல்லாமல் அயலாரிடம் இரவல் வாங்குவது வெட்கமாம். நானும் முப்பத்தோரு ஆண்டுகள் அந்த இரவல் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

கோபமாக எழுதிவிட்டேன். ஆனால் கேள்வி உண்மையானது. மேற்கொண்டு படிக்கலாமா?

---

மூன்றாம்வரிசை

அம்மா, ஒரு இடத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள். நான்காம் பகுதியிலேயே நீதிபதிகள் வருகிறார்கள். 'அவரவர் வேலை' என்ற வரையறையைச் சொன்ன சற்று நேரத்தில் சாக்ரடீஸ் கேட்கிறார்: வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை ஆள்பவர்களிடம்தானே கொடுப்போம்? பிறர் பொருளை ஒருவன் எடுத்துக்கொள்ளவும் கூடாது, தன் பொருளை ஒருவன் இழக்கவும் கூடாது என்பதுதானே அவர்களுடைய நோக்கம்? ஆகவே தன்னுடையதை வைத்திருப்பதும் தன்னுடையதைச் செய்வதும்தான் நீதி என்று முடிக்கிறார். உங்கள் நீதிமன்றம் அந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது.

இன்னொன்று. நகரம் என்பது அங்கே ஒரு பூதக்கண்ணாடி. தொலைவிலுள்ள சிறிய எழுத்தைப் படிக்க முடியாதவன் அதே எழுத்து பெரிதாக வேறோர் இடத்தில் இருந்தால் முதலில் அதைப் படிப்பான் என்று இரண்டாம் பகுதியில் சொல்கிறார் அல்லவா? அவர் தேடுவது மனிதனுக்குள் இருக்கும் நீதியை. அறிவு, சினம், ஆசை மூன்றும் தத்தம் இடத்தில் இருந்தால் அவன் நீதிமான். அப்படிப்பட்டவன், தன்னிடம் கொடுத்துவைத்த பொன்னையும் வெள்ளியையும் கையாடல் செய்வானா என்று கேட்டுச் சோதித்தும் பார்க்கிறார். செய்ய மாட்டான் என்கிறார் கிளாக்கன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

---

சுருக்கெழுத்து

நீதிபதிகள் வரும் இடத்தைத் தவறவிட்டது என் பிழைதான். திரும்பிப் போய்ப் படித்தேன். நன்றி.

ஆனால் பாருங்கள், பொன்னைக் கையாடல் செய்யாதவனைப் பற்றித்தான் அங்கேயும் பேச்சு. பொன்னைக் கொடுத்துவைத்து ஏமாந்தவன் என்ன ஆனான்? பிரதிவாதியின் நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் படித்துவிட்டு வழக்கை முடிப்பது போல இருக்கிறது.

---

தூசிப்பக்கம்

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டேன். 'குடியரசு' உரையாடல் நடக்கும் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு 'குடியரசு' புரிந்ததே அந்த வீட்டின் கதை தெரிந்த பிறகுதான். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூலின் முதல் சொல்லே 'இறங்கினேன்' என்பதுதான். நேற்று கிளாக்கனோடு பிரேயஸுக்கு இறங்கினேன் என்று தொடங்குகிறார் சாக்ரடீஸ். ஏதென்ஸிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள துறைமுகம் அது. பெண்டிஸ் என்ற திரேஸ் நாட்டுத் தேவதைக்கு அங்கே முதன்முறையாகத் திருவிழா. வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பும்போது பொலிமார்க்கஸின் அடிமைப் பையன் ஓடி வந்து பின்னாலிருந்து சாக்ரடீஸின் மேலாடையைப் பிடித்து நிறுத்துகிறான். பொலிமார்க்கஸ் வந்து, நாங்கள் எத்தனை பேர் பார்த்தீர்களா, ஒன்று எங்களை வெல்லுங்கள் அல்லது இங்கேயே இருங்கள் என்கிறார். உங்களுக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைத்துவிட்டுப் போகலாமே என்கிறார் சாக்ரடீஸ். நாங்கள் காது கொடுக்காவிட்டால்? எல்லாம் விளையாட்டுப் பேச்சு. ஆனால் வலியவன் சொன்னதுதான் நீதி என்று திரேசிமக்கஸ் வாய் திறப்பதற்கு முன்பே அதைத் தெருவில் நடித்துக் காட்டிவிடுகிறார்கள்.

வீட்டுக்காரர்கள் ஏதென்ஸ் குடிமக்கள் அல்லர். கெஃபலஸ் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரிலிருந்து, ஏதென்ஸின் தலைவர் பெரிகிளிஸின் அழைப்பில் வந்து குடியேறியவர். முப்பது ஆண்டுகள் ஏதென்ஸில் வாழ்ந்தார். இப்படிக் குடியேறியவர்களுக்குத் தனி வரி உண்டு, வாக்கு கிடையாது. ஆக, மிகச் சிறந்த அரசு எது என்ற விவாதம், எந்த அரசிலும் கை தூக்க உரிமையில்லாதவர் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. குடும்பத் தொழில் என்ன தெரியுமா? கேடயம் செய்வது. பித்துப்பிடித்தவனுக்கு ஆயுதத்தைத் திருப்பித் தரலாமா என்று படைக்கலம் செய்து விற்பவரிடமே சாக்ரடீஸ் கேட்டிருக்கிறார். கிழவர் ஏன் சிரித்தார் என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது அறையில் இருக்கும் மற்றவர்கள். கிளாக்கனும் அடைமாண்டஸும் பிளேட்டோவின் சகோதரர்கள். அவர்களுடைய தாய்மாமன் கார்மிடீஸ். தாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரர் கிரிடியஸ். கி.மு. 404இல் ஸ்பார்டாவிடம் ஏதென்ஸ் தோற்றதும் முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். அந்த முப்பதின்மரில் முதன்மையானவர் கிரிடியஸ். பிரேயஸைக் கட்டுப்படுத்த வைத்த பத்துப் பேரில் ஒருவர் கார்மிடீஸ். சில மாத ஆட்சியில் 1,500 பேருக்குக் குறையாமல் கொன்றார்கள் என்று அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசமைப்பு நூல் சொல்கிறது. அப்படிச் செத்தவர்களில் ஒருவர் பொலிமார்க்கஸ். விசாரணை இல்லை, குற்றச்சாட்டு கூட இல்லை. நஞ்சைக் குடி என்று ஆணை, அவ்வளவுதான்.

கொல்லப்படப் போகிறவரும், கொல்லப் போகிறவர்களின் சகோதரி மக்களும் ஒரே அறையில் உட்கார்ந்து நீதி என்றால் என்ன என்று பேசுகிறார்கள். பிளேட்டோ இதை எழுதியது அந்தக் கொலைக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. படித்தவர்கள் அத்தனை பேருக்கும் பொலிமார்க்கஸ் எப்படிச் செத்தார் என்பது தெரியும்.

இன்னும் இருக்கிறது. கி.மு. 403இல் நாடு கடத்தப்பட்ட மக்களாட்சிக்காரர்கள் திரும்பி வந்து பிரேயஸின் முனிக்கியா குன்றைப் பிடித்தார்கள். முப்பதின்மரின் படை குன்றேறும் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. வரலாற்றாசிரியர் செனஃபன் அந்தச் சாலைக்கு அடையாளம் சொல்கிறார்: ஆர்ட்டெமிஸ் கோயிலுக்கும் பெண்டிஸ் கோயிலுக்கும் போகும் சாலை. கிரிடியஸும் கார்மிடீஸும் அந்தச் சண்டையில் செத்தார்கள். எந்தத் தேவதையின் திருவிழாவைப் பார்க்கச் சாக்ரடீஸ் இறங்கினாரோ அந்தத் தேவதையின் கோயில் வழியில்தான் பிளேட்டோவின் மாமன்மாரின் கதை முடிந்தது. கதைக்களத்தைப் பிளேட்டோ கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

உங்கள் வாதி அங்கே இருக்கிறார் அம்மா. அவரைத்தான் குதிரை உதாரணம் சொல்லி மடக்குகிறார்கள்.

---

கல்தூண்

வரலாறு அருமை. ஆனால் அம்மா சொன்ன சுற்றறிக்கை விஷயத்தில் நான் அவர் பக்கம். 'அவரவர் வேலை' என்று கேட்டதும் எனக்குப் பிறப்பால் தொழில் என்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஒருவன் மண்ணுக்குள் உருவாகும்போதே பொன்னோ வெள்ளியோ இரும்போ கலந்துவிட்டார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்கார வைப்பதற்குப் பெயர் நீதியா?

---

தூசிப்பக்கம்

அந்தப் பொய்யைச் சொல்வதற்குச் சாக்ரடீஸே கூசுகிறார், எந்த முகத்தோடு சொல்வது என்று தயங்குகிறார். அதே கதையில், இரும்புக்காரனுக்குப் பொன் குழந்தை பிறந்தால் மேலே ஏற்ற வேண்டும், பொன்காரனுக்கு இரும்பு பிறந்தால் இரக்கம் பார்க்காமல் கீழே இறக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஐந்தாம் பகுதியில் பெண்களும் ஆளலாம் என்கிறார். அந்தக் காலத்து ஏதென்ஸில் பெண்ணுக்கு மன்றத்தில் இடமே இல்லை. எனவே நேராகப் பிறப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மேலே ஏற்ற வேண்டிய குழந்தையை யார் கண்டுபிடிப்பது? மேலே இருப்பவர்கள். அந்த இடத்தில் எனக்கும் அவர்மீது நம்பிக்கை இல்லை.

---

ஈயக்கோல்

என் புனைபெயரைப் பார்த்தவுடனே நான் யார் கட்சி என்று தெரிந்திருக்கும். லெஸ்போஸ் தீவின் கொத்தர்கள் வளையும் ஈயத்தால் அளவுகோல் வைத்திருந்தார்கள். கல்லின் வடிவத்துக்கு ஏற்ப அது வளையும். பொதுச் சட்டம் பொருந்தாத இடத்தில் வழக்குக்கு ஏற்ப வளைகிற நியாயத்துக்கு அரிஸ்டாட்டில் இதைத்தான் உவமையாகச் சொல்கிறார்.

சுருக்கெழுத்து அம்மாவின் கேள்வியை ஏறத்தாழ அப்படியே கேட்டவர் அரிஸ்டாட்டில். 'நிக்கோமாக்கிய அறநூல்' ஐந்தாம் பகுதி முழுவதும் நீதியைப் பற்றியதுதான். அங்கே அவர் அழுத்திச் சொல்வது, நற்பண்புகளில் நீதி மட்டும்தான் இன்னொருவரை நோக்கியது என்பது. வீரனாக இருக்க நான் ஒருவன் போதும். நீதி நடக்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அப்படியானால் பிளேட்டோ சொன்ன, மனத்தின் பகுதிகளுக்கிடையே நிலவும் நீதி? அதை உவமையளவில் நீதி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தப் பகுதியின் கடைசியில் ஒதுக்கிவிடுகிறார். தன் ஆசிரியரான பிளேட்டோவின் தலையாய நூலை அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் இத்தனை அமைதியாக ஒதுக்கிவைக்க அவரால்தான் முடியும்.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. ஒருவன் அடித்தான், ஒருவன் அடிபட்டான் என்றால் ஒரு கோட்டைச் சமமில்லாமல் வெட்டியது போல என்கிறார். பெரிய துண்டில் மிகுந்திருப்பதை எடுத்துச் சிறிய துண்டோடு நீதிபதி சேர்க்கிறார். அடித்தவன் நல்லவனா கெட்டவனா என்று சட்டம் பார்ப்பதில்லை. யார் செய்தான், யாருக்கு நேர்ந்தது, எவ்வளவு நேர்ந்தது என்றே பார்க்கிறது. கிரேக்கத்தில் 'திஹா' என்றால் 'இரண்டாக' என்று பொருள். நீதிபதிக்குப் பெயர் 'திகஸ்தீஸ்'. அது உண்மையில் 'திஹஸ்தீஸ்', அதாவது பாதியாகப் பகுப்பவர் என்கிறார். சொல்லாராய்ச்சியாக இது தேறாது. ஆனால் வழக்கு என்பது இரண்டு பேருடையது என்பதை ஒரே எழுத்தில் சொல்லிவிட்டார்.

தூசிப்பக்கம் பிரேயஸைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அந்த ஊருக்குத் தெருக்கள் வகுத்தவரை விட்டுவிட்டார். மிலெட்டஸ்காரர் ஹிப்போடாமஸ். நீண்ட தலைமுடி, கோடையிலும் கதகதப்பான மலிவு உடை என்று அரிஸ்டாட்டில் அவரைக் கொஞ்சம் கிண்டலோடு வரைகிறார். ஆட்சி அனுபவம் இல்லாமலே மிகச் சிறந்த அரசு எது என்று முதலில் பேசியவர் அவர்தானாம். அவருடைய நகரத்தில் பதினாயிரம் பேர். மூன்று வகுப்புகள்: கைவினைஞர், உழவர், போர்வீரர். மூன்று வகுப்பு நகரத்தைக் கனவு கண்டவர் கோடு போட்ட தெருக்களில் நடந்துவந்துதான் சாக்ரடீஸ் தன் மூன்று வகுப்பு நகரத்தைக் கட்டுகிறார்!

ஹிப்போடாமஸிடம் உங்களுக்கென்றே ஒரு யோசனை இருக்கிறது அம்மா. வழக்கில் கூழாங்கல் போட்டு ஆம், இல்லை என்று மட்டும் வாக்களிக்கக் கூடாது. ஒவ்வொரு நடுவருக்கும் ஓர் எழுத்துப் பலகை தர வேண்டும், ஒரு பகுதியில் குற்றவாளி, ஒரு பகுதியில் இல்லை என்று கருதினால் அதை விளக்கி எழுத வேண்டும் என்றார். அரிஸ்டாட்டில் இதை மறுக்கிறார். எனக்கு ஹிப்போடாமஸ் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. கட்சி வேறு, கருத்து வேறு.

---

மூன்றாம்வரிசை

எல்லோரும் சேர்ந்து பிளேட்டோவை மூலையில் தள்ளிவிட்டீர்கள். அவர் பக்கத்திலிருந்து ஒரே ஒரு செய்தி. அதே முப்பதின்மர் சாக்ரடீஸையும் வேறு நால்வரையும் அழைத்து, சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொன்னார்கள். நால்வர் போய்ப் பிடித்துவந்தார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். தன்மீதான வழக்கில் இதை அவரே நடுவர்களிடம் சொல்கிறார். ஆட்சி கவிழாமல் இருந்திருந்தால் அதற்காகவே தன்னைக் கொன்றிருப்பார்கள் என்றும் சொல்கிறார். 'அவரவர் வேலையைச் செய்வது, பிறர் வேலையில் நுழையாமல் இருப்பது' என்பதற்கு நான் அறிந்த பொருள் இதுதான். ஆள் பிடிப்பது என் வேலை அல்ல. போகிறேன் வீட்டுக்கு.

---

சுருக்கெழுத்து

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள். தூசிப்பக்கம் ஐயா சொன்னதைப் படித்ததும் இதையெல்லாம் யார் பதிவு செய்தார்கள் என்று தேடினேன். தொழில் புத்தி. பதிவு செய்தவர் லிசியாஸ் என்று தெரிந்தது, பொலிமார்க்கஸின் தம்பி. உடனே 'குடியரசு' முதல் பகுதிக்கு ஓடினேன். இருக்கிறார்! வீட்டுக்குள் நுழைந்ததும் யார் யார் அங்கே இருந்தார்கள் என்று சாக்ரடீஸ் சொல்லும் வரிசையில் லிசியாஸ் பெயர் இருக்கிறது. அதன் பிறகு அவர் வாயே திறப்பதில்லை. எல்லோரும் பேசுகிற கூடத்தில் ஒருவர் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

ஆட்சி கவிழ்ந்த பிறகு அவர் பேசினார். முப்பதின்மரில் ஒருவரான எரட்டோஸ்தனிஸ் மீது அவர் வைத்த வழக்குரை முழுதாகக் கிடைக்கிறது. (பூமியின் சுற்றளவை அளந்தவர் வேறொருவர்.) இரண்டு முறை படித்தேன்.

முப்பதின்மருக்குப் பணம் தேவைப்பட்டது. குடியேறியவர்களில் பணக்காரர்களைப் பிடிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். லிசியாஸ் வீட்டில் விருந்தினரோடு இருக்கும்போது வந்துவிட்டார்கள். பைசன் என்பவனிடம், என்னைக் காப்பாற்றினால் ஒரு டேலன்ட் (அந்தக் காலத்து எடையளவு) வெள்ளி தருகிறேன் என்கிறார். அவன் தன் மீதும் தன் பிள்ளைகள் மீதும் சத்தியம் செய்கிறான். பெட்டியைத் திறந்தால் உள்ளே மூன்று டேலன்ட் வெள்ளியும், 400 சிசிக்கஸ் காசுகளும், 100 பாரசீகப் பொற்காசுகளும், நான்கு வெள்ளிக் கிண்ணங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறான். வழிச்செலவுக்காவது கொஞ்சம் கொடு என்று கேட்டால், உயிர் பிழைத்தால் போதாதா என்கிறான். உண்மை பேசுவது, வாங்கியதற்குக் கணக்கு வைப்பது என்று கெஃபலஸ் சொல்லி, அது போதாது என்று எல்லோரும் ஒதுக்கிவிட்ட அந்தப் பழைய நீதி, அவர் பிள்ளையிடமே இப்படி மீறப்பட்டது. மூன்றாம்வரிசை ஐயா, பொன்னைக் கொடுத்து ஏமாந்தவன் என்ன ஆனான் என்று கேட்டிருந்தேனே, பின்கதவு வழியாக ஓடிப்போயிருக்கிறான்.

அண்ணனால் ஓட முடியவில்லை. எரட்டோஸ்தனிஸ் அவரைத் தெருவில் வைத்துப் பிடித்துச் சிறைக்குக் கொண்டுபோனார். அவர் செத்த பிறகு குடும்பத்துக்கு மூன்று வீடுகள் இருந்தும் எதிலிருந்தும் பிணத்தை எடுக்க விடவில்லை. ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள். போர்த்தத் துணியும் தலைக்கு அணையும் நண்பர்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். 700 கேடயங்களும் 120 அடிமைகளும் கைக்கு வந்தும் போதாமல், பொலிமார்க்கஸின் மனைவி காதிலிருந்த பொன் தோடுகளைக் கழற்றிக்கொண்டார்கள். (120 அடிமைகளையும் மூட்டை முடிச்சு போல லிசியாஸ் கணக்கில் சேர்க்கிறார். அவர்கள் தரப்பை எடுக்கச் சுருக்கெழுத்தர் யாரும் அங்கே இல்லை.)

ஆனால் நான் எழுத வந்தது வேறு. வழக்குரையின் நடுவில் லிசியாஸ் நிறுத்திவிட்டு எரட்டோஸ்தனிஸை மேடையேறச் சொல்லிக் குறுக்கு விசாரணை செய்கிறார். கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கின்றன. சுருக்கமாக என் தமிழில்:

பொலிமார்க்கஸைப் பிடித்துப் போனீர்களா, இல்லையா?
ஆள்பவர்கள் சொன்னதைச் செய்தேன், பயத்தால்.
எங்களைப் பற்றிப் பேசியபோது மன்றத்தில் இருந்தீர்களா?
இருந்தேன்.
கொல்லச் சொன்னவர்களை ஆதரித்தீர்களா, எதிர்த்தீர்களா?
எதிர்த்தேன்.
நாங்கள் சாகக் கூடாது என்றா?
ஆம்.
எங்களுக்கு நடப்பது அநீதி என்று நினைத்தா, நீதி என்று நினைத்தா?
அநீதி என்று.

முப்பத்தோரு ஆண்டுகளில் இதைவிட நேர்த்தியான குறுக்கு விசாரணையை நான் எடுத்ததில்லை. கடைசிக் கேள்வியில்தான் அந்தச் சொல் வருகிறது. அநீதி என்று தெரிந்து காப்பாற்றப் பேசினாய், பிறகு கொல்லக் கொண்டுபோனாயா என்று அடுத்த வரியிலேயே கேட்டுவிடுகிறார்.

எரட்டோஸ்தனிஸும் சொன்ன வேலையைத்தான் செய்திருக்கிறார். சாக்ரடீஸ் சொன்ன வேலையைச் செய்யாமல் வீட்டுக்குப் போனார். இரண்டும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். 'அவரவர் வேலை' என்ற வரிக்குள் இத்தனை பெரிய பள்ளம் இருப்பதை மூன்றாம்வரிசை ஐயா காட்டிய பிறகுதான் பார்த்தேன். சுற்றறிக்கை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனபோது லியோன் செத்துப்போனார். அந்தப் பக்கத்தைக் கேட்க இன்னமும் ஒரு லிசியாஸ் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அநியாயக்காரர்களைக் களைந்து நகரத்தைத் தூய்மையாக்க வேண்டும், மற்றக் குடிமக்களை நற்பண்புக்கும் நீதிக்கும் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் முப்பதின்மர் வந்தார்கள் என்கிறார் லிசியாஸ். அந்த இடத்தில் அவர் வைத்திருக்கும் கிரேக்கச் சொல் 'திக்காயோசூனே'. பிளேட்டோ பத்துப் பகுதிகள் முழுக்கத் தேடுவதும் அதே சொல்தானாம். பிளேட்டோ எழுதியதா என்று இன்னும் சர்ச்சையில் உள்ள ஏழாம் கடிதமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: இவர்கள் நகரத்தை அநீதியிலிருந்து நீதிக்கு நடத்திப் போவார்கள் என்று இளவயதில் நம்பியிருந்தாராம், சில மாதங்களிலேயே பழைய ஆட்சி பொன்னாகத் தெரிந்ததாம்.

வழக்குரையின் கடைசி வரி கிரேக்கத்தில் ஐந்தே சொற்கள் என்று குறிப்பில் போட்டிருந்தது. கேட்டீர்கள், பார்த்தீர்கள், பட்டீர்கள், ஆள் உங்கள் கையில், தீர்ப்பளியுங்கள். தீர்ப்பு என்ன என்று பார்க்கப் பக்கத்தைத் திருப்பினேன். இல்லை. தீர்ப்பு நகல் நம் காலத்துக்கு வந்து சேரவில்லை.

படிக்கலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா, நேற்று மாலை ஐந்தாம் பகுதியைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே பொலிமார்க்கஸ். சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். கையை நீட்டி அடைமாண்டஸின் மேலாடையைத் தோளருகில் பிடித்து இழுத்துக் காதோடு ஏதோ சொல்கிறார். மற்றவர்களுக்கு ஒரு வாக்கியம்தான் கேட்கிறது: 'விட்டுவிடலாமா, என்ன செய்யலாம்?'

விடக் கூடாது என்கிறார் அடைமாண்டஸ்.